ஏஜெண்ட் அத்தை குடித்த தண்ணீர்

அத்தைக்கு எங்கள் தெரு வைத்த பெயர் ஏஜெண்ட். அப்பாவின் அக்கா. கணவரை விட்டு வந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை. சாம்பல் நிற மேல்சட்டை, முகக்கவசம், கையில் மருந்துப் புட்டி. வாரம் ஒரு முறை வீடு வீடாக மாடியேறி, தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்த்து, மருந்து ஊற்றிவிட்டு வருவார்.

பெயர் வந்தது வியாழக்கிழமை டிவித் தொடரால். அதில் அரசாங்கமே குடிநீரில் ஏதோ கலக்கிறது. குடித்தவர்களுக்குப் பெற்ற பிள்ளையின் பெயர்கூட மறந்துபோகிறது. கலக்க வரும் ஏஜெண்டுகள் சாம்பல் நிறச் சட்டைக்காரர்கள். போகிற வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அதுதான் அவர்களுக்கு அடையாளம். அத்தை அந்தத் தொடருக்குப் பைத்தியம். "இவனுங்க செஞ்சாலும் செய்வானுங்கடா" என்பார், அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே.

பட்டப்பெயரைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு அவரைக் கண்டால் கதவுகள் மூடிக்கொள்ளத் தொடங்கின. மூலைவீட்டுத் தையல்காரி திறக்காததுதான் அவரை அரித்தது. அவள் குழந்தை கொசுக்காய்ச்சலில் பிழைத்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் தொட்டியின் மூடி உடைந்து கிடப்பது தெருவிலிருந்தே தெரியும்.

அன்றிரவு அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "வாரா வாரம் கண்கொட்டாம பாத்தியே, அனுபவி!" என்றார் அப்பா.

மறுநாள் நடந்ததைத் தையல்காரியே பிறகு என்னிடம் சொன்னாள். அவள் கதவை ஒரு சாண் திறந்திருக்கிறாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. புள்ள விஷயம்."

"நானும் புள்ள விஷயமாத்தாம்மா வந்திருக்கேன். போன வாரம் பாலத்துல அந்த ஏஜெண்ட் எப்படி மாட்டினான்?"

"தண்ணி வேணாம்னு சொல்லித்தானே... அய்யோ, நீங்களும் பாக்குறீங்களா?"

"பின்னே? கதவத் தொற. மருந்த ஊத்துறேன். அதே தொட்டித் தண்ணிய எனக்குக் குடு."

அப்படியே நடந்தது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அத்தை மடக்மடக்கென்று குடித்தார். தையல்காரி அவர் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, நான் யாருன்னு தெரியுதா?"

"போன மாசம் என் சட்டைக் கைய அரைச்சாண் குறைச்சுத் தச்சவ. எந்தத் தண்ணி குடிச்சாலும் அது மறக்காது!"

சேதி பரவியது. எல்லா வீடும் திறந்தது. எல்லா வீட்டிலும் குடிக்கவும் வைத்தார்கள். "என் வயிறே தொட்டியாப்போச்சு" என்று வந்து சாய்ந்தார் அத்தை.

வியாழக்கிழமை வந்தது. தொடரில் ஒரு ஏஜெண்ட் வாங்கிய தண்ணீரை முழுக்கக் குடித்தான். வெளியே வந்து, நாக்கின் அடியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் காட்டிச் சிரித்தான். கலந்ததை முறிக்கும் மாற்று மருந்து.

"கெடுத்தானே பாவி!" அத்தை தலையில் கைவைத்துக்கொண்டார். "எழுதறவனுக்குப் புள்ளகுட்டியே கெடையாதா?" முதல்முறையாகத் தொடரைப் பாதியில் அணைத்தார்.

மறுநாள் மூலைவீட்டுக்கு மறுபடி மருந்து ஊற்றும் முறை. தையல்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"நேத்து பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் அத்தை, தரையைப் பார்த்து.

"வாயத் தொறங்க."

அத்தை திறந்தார். நாக்கைத் தூக்கியும் காட்டினார். தையல்காரி குனிந்து பார்த்தாள். குழந்தையும் எட்டிப் பார்த்தது.

"மாத்திரை ஒண்ணும் இல்ல. கடவாப்பல்லுதான் சொத்தை, சீக்கிரம் காட்டுங்க" என்று மாடிச் சாவியை நீட்டினாள்.