துரைசாணியின் காரும் என் தொண்டையும்

கார்க் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது பெற்றோலும் பழைய தோல் இருக்கையும் லவெண்டர் பவுடரும் கலந்த ஒரு வாசனை. அது அடங்குவதற்குள் எங்கள் தோட்டத்து ரப்பர் பால் புளித்த நாற்றம் பின்னாலேயே ஏறி வந்து, அந்த வெள்ளைக்கார வாசனையை ஒரு வழி பண்ணிவிடும். அதை மூக்கில் வாங்கிய கணமே எனக்கு அடிவயிறு கலங்கத் தொடங்கும். சனிக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்குத் தவறாமல் கலங்கியதால், வீட்டில் அதை வைத்தே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அது அறுபதுகளின் பிற்பகுதி. வெள்ளைக்காரத் துரைமார் பெரும்பாலும் கப்பலேறிவிட்டார்கள். உக்குவளைக்கு மேலே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் துரை மட்டும், ஊருக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாமலோ என்னவோ, தங்கிவிட்டார். அப்பா அவருடைய ஒபிசில் "கிளாக்கர்". துரையின் மனைவியை நாங்கள் "தொரசாணி" என்போம். மெலிந்த, உயர்ந்த அந்த அம்மாள் சனிக்கிழமைகளில் தானே சாம்பல் நிறக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு மாத்தளை டவுனுக்குப் போவார். எனக்கு டவுனில் இங்கிலீஷ் டியூசன். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. "பையன் என் கூட வரட்டும்" என்று அவர் ஒரு நாள் சொன்னார். அப்பா மறுக்கத் துணியவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

பங்களாவிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்குவதற்குள் பதினொரு வளைவுகள். ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் கொக்கோ மரங்கள் அடர்ந்த பள்ளம், நடுவில் ஒரு லொறி போகிற அகலத்தில் ரோடு. இப்படிப்பட்ட ரோட்டில் எங்கள் ஆட்கள் ஹோனை நம்பித்தான் உயிரோடு இருந்தார்கள். வளைவுக்கு முன்னால் ஒரு நீட்டு நீட்டினால் "நான் வாறேன்" என்று அர்த்தம், எதிரிலிருந்து இரண்டு குட்டைச் சத்தம் வந்தால் "வாங்க, நான் நிக்கிறேன்" என்று அர்த்தம். இதற்குச் சட்டப் புத்தகம் எதுவும் கிடையாது. மாடு கூட இந்தப் பாஷையைப் படித்து வைத்திருந்தது.

துரைசாணி மட்டும் ஹோன் அடிக்கமாட்டார். தோட்டத்தில் வந்து கற்றுக்கொண்ட தமிழில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தபடி, எனக்கு அதை விளக்குவார்.

"ஹோன் அடிக்கிறது கெட்ட வார்த்தை ஏசுற மாதிரி. எங்க ஊர்லே ஒரு ஆள் ஹோன் அடிச்சா, மத்த ஆள் கீழ எறங்கி சண்டைக்கு வருவான். இங்கே என்ன? எல்லாம் காதுலே ஓட்றான். கண்ணுலே ஓட்றது இல்லே."

இது பற்றி அவர் பொலிசுக்கு நீளமான கடிதங்கள் எழுதியிருப்பதாக அப்பா சொல்வார். பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு வருகிற லொறிகள், ஒரு கையை வெளியே தொங்கப் போட்டே ஒன்பது விதமான சைகை காட்டுகிற பஸ் டிரைவர்கள், ரோட்டின் ஓரத்தை விட்டுவிட்டு நட்டநடுவில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடந்து வருகிற ஜனங்கள் என்று எல்லோரும் அந்தக் கடிதங்களில் உண்டாம். பதில் வந்ததாக யாரும் சொல்லவில்லை.

தோட்டத்து லொறி டிரைவர் சவரிமுத்து அண்ணனுக்கு இந்த வியாக்கியானம் எதுவும் பிடிக்கவில்லை. ஒரு நாள் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தம்மா காரு பூனை மாதிரி வருது தம்பி. ஒரு நாளைக்கு நேரா வந்து என் லொறிக்கு அடியில பூந்துக்கப் போறாங்க. நீ உள்ள சும்மாதானே குந்திக்கிட்டுப் போற? வளைவு வந்தா தலைய வெளிய போட்டுக் கத்து."

"என்னான்னு கத்துறது அண்ணே?"

"அப்பான்னு கத்து, ஆத்தான்னு கத்து. உன் உயிரு, உன் இஷ்டம்."

எனக்கு அப்போது பத்து வயது. உயிர் மீது அளவு கடந்த பிரியம். அடுத்த சனிக்கிழமை முதல் வளைவிலேயே பின் இருக்கை ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, அடிவயிற்றில் கலங்கிக்கொண்டிருந்ததையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, "அரோகரா" என்று ஒரு சத்தம் போட்டேன். துரைசாணி திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். பிறகு கேட்டார்:

"இங்கே உன் சாமி இருக்கா?"

"ஆமாங்க."

"அடுத்த வளைவுலே?"

"அங்கயும் இருக்குங்க."

அவர் அதை அப்படியே நம்பினார். அன்று முதல், நான் கத்தியதும், சாமிக்கு மரியாதையாகக் காரை நடை வேகத்துக்குக் குறைத்து, தலையையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டுதான் வளைவைக் கடந்தார். பதினொரு "அரோகரா", பதினொரு மரியாதை. சவரிமுத்து அண்ணன் என் குரலைக் கேட்டு லொறியை ஓரங்கட்டினார். விறகு கொண்டுபோகிற பெண்கள் மேட்டில் ஏறி நின்றுகொண்டு சிரித்தார்கள். பயத்தில் அலறிய ஒருவனை ஊர் முழுவதும் பக்திமான் என்று நினைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அந்த ரோட்டில் சனிக்கிழமை வருகிற இன்னொருவர் மஜீது நானா. மாத்தளையிலிருந்து சைக்கிளின் பின்னால் ஆளுயரத்துக்குச் சீத்தைத் துணியும் இடுப்பில் உடுக்கிற சாரமும் கட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களுக்கு விற்க வருவார். ஏற்றம் என்பதால் சைக்கிளை மிதிக்க முடியாது. ரோட்டின் நடுவில்தான் கல் கிளம்பாமல் மட்டமாக இருக்கும் என்பதால் நடுவிலேயே தள்ளிக்கொண்டு வருவார். என் சத்தம் கேட்டதும் மழைத்தண்ணீர் ஓடுகிற கானோரமாக ஒதுங்கி நின்று, கார் கடக்கும்போது எனக்கு ஒரு சலாம் வைப்பார். நானும் வைப்பேன்.

டிசம்பர் கடைசியில், நத்தார்ப் பண்டிகையை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, கார் கிளம்பும்போது துரைசாணி கைப்பையைத் திறந்து, சீமையிலிருந்து வந்த டின் ஒன்றை எடுத்து, தங்கக் காகிதம் சுற்றிய டொபி ஒன்றை என் கையில் வைத்தார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் கண்ணில் படாத காலம் அது. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டொபியை வாயில் போட்டேன். கல் மாதிரி இருந்தது, பிறகு இளகியது, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டன. முதல் வளைவில் "ம்ம்ம்" என்றுதான் வந்தது. இரண்டாவது வளைவில் அதுவும் வரவில்லை. துப்பிவிட்டுக் கத்தலாம் என்று நினைத்தேன். நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு டொபியை மறுபடி வாழ்நாளில் காணக் கிடைக்காது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. நான்கு வளைவுகளில் ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் வராததால் சாமியும் இல்லை. சாமி இல்லாததால் கார் வேகம் குறையவும் இல்லை.

ஐந்தாவது வளைவில் ரோட்டு நடுவே மஜீது நானாவின் முகம் தெரிந்தது. அவர் ஒதுங்கக்கூட ஆரம்பித்திருக்கவில்லை.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. சைக்கிள் மேட்டுப் பக்கம் போனது, நானா கானுக்குள் போனார், துணிக் கட்டு அவிழ்ந்து பூப்போட்ட சீத்தை முழுவதும் ரோட்டில் விரிந்துகொண்டே போனது. துரைசாணி கதவைத் திறந்துகொண்டு ஓடினார். நான் ஓடவில்லை. கை, கால், நாக்கு எதுவும் என்னுடையதாக இல்லை. தாடை மட்டும் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல அசைந்துகொண்டே இருந்தது. நானாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து பின் இருக்கையில் கிடத்தி, அவர் தலை என் மடிக்கு வந்து சேர்ந்தபோதும் நான் மென்றுகொண்டுதான் இருந்தேன். இனிப்பு கொஞ்சமும் தெரியவில்லை. முழுவதையும் விழுங்கி முடித்தேன்.

ஆஸ்பத்திரியில் காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு என்றார்கள். பொலிஸ்காரர் வந்து எழுதினார். துரைசாணி ஒன்றையும் மறைக்கவில்லை. ஆள் ரோட்டு நடுவில் நடந்தது பிழை என்றார். ஹோன் அடித்தீர்களா என்றதற்கு, இல்லை, நான் அடிப்பதில்லை என்றார். அவர் சொன்னது இரண்டும் உண்மை. என்னிடம் திரும்பி, நீ என்ன கண்டாய் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். என் பொய் தேவையில்லாத அளவுக்கு அவருக்கு ஏற்கெனவே போதுமானது கிடைத்திருந்தது.

அடுத்த வாரம் துரைசாணி பழக்கூடை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். அவர் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் மஜீது நானா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கால் மாவுக்கட்டோடு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"எனத்துக்கு மகன், அண்டைக்கு நீங்க சத்தம் போடல்ல?" குரலில் கோபம் எதுவும் இல்லை. "நீங்க கூப்புடுவீங்கதானே எண்டு நான் நடுவுல வந்த."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவரே எடுத்துக் கொடுத்தார்.

"தொண்ட கட்டியா ஈந்த?"

நான் தலையாட்டினேன்.

"அதானே. பாவம்," என்று சொல்லி, கூடையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

அதற்குப் பிறகு துரைசாணி ஹோன் அடித்தார். ஒவ்வொரு வளைவிலும் அழுத்துவார், அழுத்திய உடனே யாருமில்லாத ரோட்டைப் பார்த்து "சொறி" என்று மன்னிப்புக் கேட்பார். பின் இருக்கையில் எனக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. அடிவயிறு கலங்குவதும் நின்றுபோயிற்று. பயம் போய்விட்டது என்று அப்பா சந்தோஷப்பட்டார். பயம் எங்கேயும் போகவில்லை, உள்ளே மரத்துக் கிடந்தது. பின்னாளில் சாவு வீட்டிலும் கலவர நாட்களிலும் நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து, நல்ல நிதானமான மனிதன் என்று என்னைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். தோட்டம் துண்டு துண்டாகி வீடுகள் வந்துவிட்டன. பங்களாவுக்குக் கூரை இல்லை. ரோட்டை அகலமாக்கி, வளைவுகளில் நான்கை வெட்டி நேராக்கியிருக்கிறார்கள். ஐந்தாவது வளைவு இருந்த இடம் எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. துரையும் துரைசாணியும் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனபோதே போய்விட்டார்கள். மஜீது நானா காலை இழுத்து இழுத்து நடந்தே இன்னும் இருபது வருஷம் துணி விற்று, பிறகு மௌத்தாகிவிட்டார். அவருடைய மகன் மாத்தளையில் சின்னத் துணிக்கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு சாரம் வாங்குகிற சாக்கில் உள்ளே போனேன்.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது.

"வாப்பா அந்தப் பக்கம்தானே யாவாரம் செஞ்ச. ஒரு வெள்ளக்கார நோனாட கார்ல ஒரு பொடியன் வருவானாம் ஐயா. அவன்ட சத்தம் கேட்டா கண்ண மூடிக்கிட்டு ரோட்டுல போகலாம் எண்டு வாப்பா செல்லுவார். ஒரு நாள் அவனுக்குத் தொண்ட கட்டிட்டாம். அண்டைக்குத்தான் வாப்பாட கால் ஒடஞ்ச. அந்தப் பொடியன ஒத்தரும் ஏசப்படாது எண்டு எங்களுக்குச் செல்லித்தான் மௌத்தான."

சாரத்தைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"பாவம், சின்னப் பொடியன்தானே ஐயா," என்றார்.

"ஆமா, பாவம்," என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன்.