கிரிகோரி இலியிச் தம் இசைக்கு எழுதிய விமர்சனம்

செவ்வாய்க்கிழமை டவுன்டவுனில் வேலையில் இருந்தபோது அம்மா அழைத்தார். "மூண்டாம் மாடி ரஷ்யாக்கார ஐயா போயிட்டார் பிள்ளை. ரெண்டு நாளாப் பியானோச் சத்தம் இல்லையெண்டு நான்தான் கட்டடக்காரனுக்குச் சொன்னனான்."

வில்லரே பகுதியில் எங்கள் கட்டடத்தில் இருந்தவர்களுக்கு அவர் முகம் தெரியும், தொழில் தெரிந்திருக்காது. கிரிகோரி இலியிச் இசையமைப்பாளர். சிறிய இதழொன்றில் கச்சேரி விமர்சனமும் எழுதினார். யாரையும் விட்டுவைக்க மாட்டார். அதனாலேயே அவருடைய இசையை வாசிக்க ஒருவரும் முன்வரவில்லை.

அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியபின், அவர் பிரெஞ்சில் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்று அம்மா படிக்கட்டில் வைத்து அவரிடம் அரைகுறைப் பிரெஞ்சில் பெருமை பேசியதன் விளைவு அது. பாராட்டாக ஒரு சொல்லை நான் சேர்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார். "மண்டபத்தில் கை தட்டலாம், மத்மசேல். தாளில் கூடாது."

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்காக அவர் என்றோ எழுதிய இசையை, சென்ற வசந்தத்தில் நான்கு இசை மாணவர்கள் ஒரு தேவாலய மண்டபத்தில் முதன்முறையாக வாசித்தார்கள். இலையுதிர் காலத்தில் மீண்டும் வாசித்து ஒலிப்பதிவு செய்வதாகவும் இருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தார். "செத்தவீடு மாதிரிக் கிடக்கு. ஆனா எழும்பிப் போக மனம் வரேல்ல," என்றார். நான் மொழிபெயர்த்ததும் கிரிகோரி இலியிச் சிரித்தார். "என்னைவிட நல்ல விமர்சகர்."

மறுநாள் அந்தக் கச்சேரிக்கும் விமர்சனம் சொன்னார்: "மூன்றாம் பகுதியில் செல்லோ வழி தவறியது. இசையமைப்பாளர் அதற்கு முன்பே தவறியிருந்தார்."

என் விரல்கள் நின்றன. "அவர்களுக்கு மனம் நோகுமே, மிஸ்யூ."

"என்னையும்தானே எழுதியிருக்கிறேன்."

இனி வாசிக்க வரமாட்டார்கள் என்று சொல்ல நினைத்தபடியே மீதியைத் தட்டச்சு செய்தேன். இதழுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் நான்தான்.

அது வெளிவந்த ஒரு வாரத்தில் நால்வரும் விலகினார்கள். இசைத்தாள்களைத் திருப்பித் தர வந்த செல்லோக்காரப் பெண் உள்ளே வரவில்லை. "ஐந்து மாத ஞாயிறுகள் உங்களுக்காகப் பயின்றோம்," என்றாள்.

"தெரிந்தது," என்றார் அவர். "மூன்றாம் பகுதியைத் தவிர."

அதன்பின் குளிர்காலம் முடியும்வரை, நான் போகும்போதெல்லாம் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கச் சொல்வார். ஒன்றும் வந்திருக்காது. யாரிடமிருந்து என்று நான் கேட்டதில்லை.

அந்த இசையை வாசிக்க முடியுமா என்று கேட்டு இப்போது இரண்டு இசைக்குழுக்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒன்று ஒலிப்பதிவு கேட்டது. அது இல்லை. மற்றது பதில் எழுதவில்லை.

எனக்கு இசைத்தாள் வாசிக்கத் தெரியாது. அந்த இசையில் என் காதில் மிஞ்சியது இரண்டாம் பகுதியின் தொடக்கம் மட்டும்; அதுவும் ஒருமுறை கேட்ட நினைவில். மெட்ரோவில் முணுமுணுத்துப் பார்க்கிறேன். எங்கோ பிழை வருகிறது. எங்கே என்று சொல்ல இனி ஆளில்லை.