நன்றியுரை மருதப்பன்

மருதப்பன் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பெயின்ட் அடித்தார். சிராங்கூன் ரோட்டு விழா மேடைகளில் நன்றியுரை சொன்னார். இரண்டில் எது உங்கள் தொழில் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார்.

ஐம்பதுகளில் இங்கே விழாக்களுக்குப் பஞ்சமே கிடையாது. பொங்கல் விழா, பாட்டுக் கச்சேரி, சொற்பொழிவு, நாடகம். தலைமையுரைக்கு அடிதடி நடக்கும். வரவேற்புரை கிடைக்காதவர் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நன்றியுரைக்கு மட்டும் ஆள் கிடைக்காது, மருதப்பன் கிடைப்பார்.

எங்கள் நாடக மன்றத்தில் நான் திரை இழுப்பவன். பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நம் ஆட்கள் நன்றி கெட்டவர்கள். "இறுதியாக நன்றியுரை" என்று மைக்கில் சொல்லி முடிப்பதற்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நாற்காலி கொடுத்தவர், மைக் செட் வைத்தவர், டிக்கெட் கிழித்தவர் என்று மருதப்பன் பெயர் பெயராக நன்றி சொல்வார். பெயருக்கு உரியவர்கள் எதிர்க் கோப்பிக்கடையில் இருப்பார்கள். கட்டிய மனைவியே உட்காரமாட்டார். "நீங்க பேசிட்டு வாங்க, நான் போயி பஸ்ல எடம் புடிக்கிறேன்" என்று பூவம்மா முதல் ஆளாக எழுந்துவிடுவார்.

இது மருதப்பனுக்கு நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. அவர் ஆசைப்பட்டது ஒன்றுதான்: ஜனங்கள் உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு நன்றியுரை.

ஒரு வருஷம் செயலாளர் துரைசாமியிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். "நாடகம் முடிஞ்சாத்தானே போறாங்க? கடைசி சீனுக்கு முன்னால என்னைய விடுங்க லா. தூக்குமேடை செட் போட உங்களுக்கும் நேரம் வேணும்ல?"

துரைசாமி யோசித்தார். அந்த வருஷ நாடகத்தில் கதாநாயகன், செய்யாத கொலைக்குத் தூக்குக்குப் போகிறான். உண்மையான கொலைகாரன் கடைசிக் காட்சியில்தான் பிடிபடுவான். "இதை விட்டுட்டு எவன் எந்திரிச்சுப் போவான்? பேசுங்க" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அன்று மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. நீதிபதி தீர்ப்புச் சொன்னார், பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள், நான் திரையை இழுத்தேன். மருதப்பன் சலவை வேட்டியில் மைக் முன்னால் வந்து நின்றார். அத்தனை முகங்களையும் ஒரு தடவை ஆசைதீரப் பார்த்துக்கொண்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் மன்றத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி" என்று ஆரம்பித்தார்.

மண்டபம் எழுந்தது.

யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. நன்றி என்றால் முடிந்தது என்று அர்த்தம், அப்படித்தான் பழகியிருந்தார்கள். தூங்கும் பிள்ளைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "பாவம், நல்ல பையன், தூக்குல போட்டுட்டாங்களே" என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். துரைசாமி ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"இன்னொரு சீன் இருக்கு லா! அவன் சாகல!"

"எங்களுக்கு பஸ் இருக்கு லா" என்றது ஒரு குரல். பூவம்மா எப்போதோ போயிருந்தார்.

மருதப்பன் நிறுத்தவில்லை. கடைசிப் பெயர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினார். திரைக்குப் பின்னால் நடிகர்கள் வேஷத்தோடு நின்றார்கள். "கலைச்சிருங்கப்பா" என்றார் துரைசாமி.

மருதப்பன் முன்வரிசைக்குப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "போடுங்கப்பா, நான் இருக்கேன்" என்றார். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவது எப்படி இருக்கும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும்.

நான் திரையைத் திறந்தேன். கதாநாயகன் வேஷம் கட்டிய சுவிசேஷமுத்து அன்று நடித்ததுபோல் அதற்கு முன்னும் நடித்ததில்லை, பின்னும் நடித்ததில்லை. கொலைகாரன் பிடிபட்டபோது மருதப்பன் ஒற்றை ஆளாகக் கைதட்டினார்.

நாடகம் முடிந்தது. சுவிசேஷமுத்து கழுத்துக் கயிற்றைக்கூடக் கழற்றாமல் மேடை விளிம்புக்கு வந்து கைகூப்பினார்.

"கடைசி வரைக்கும் இருந்து பாத்தீங்க. ரொம்ப நன்றிண்ணே."

மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் நன்றி சொன்ன மனிதர், தனக்கு ஒருவர் சொன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். பிறகு எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எழுந்து வெளியே போய்விட்டார்.