தடி நிழல்

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வாடகைத் தோட்டத் துண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்தான். பக்கத்துத் துண்டுக்காரி அமினா அதனருகே ஒரு தடியை நட்டு, ஒவ்வொரு துண்டின் முறைக்கும் தரையில் ஒரு குறி இட்டாள். அவள் அரபு விவசாய ஊரொன்றில் பிறந்தவள். அங்கே ஊற்றுத் தண்ணீரைத் தடி நிழல் பார்த்துத்தான் குடும்பங்கள் பங்கிடுமாம். கடைசி வயலுக்கும் தண்ணீர் சேர்ந்ததும் பெண்கள் குலவையிடுவார்களாம். லண்டன் வெயிலை நம்பித் தடி நட்டவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் அதன்படி தண்ணீர் பங்கிட எல்லோரும் சம்மதித்தார்கள்.

அந்த நிழலைக் கண்டதும் நான் ஒன்பது வயதுக்குப் போய்விட்டேன். ஊரில் எங்களுக்குப் பங்குக் கிணறு. தண்ணீர் இறைக்கும் ஏற்ற மரமான துலாவின் நிழல் பூவரசைத் தொட்டால் எங்கள் முறை. அன்று நிழல் தொட்ட பிறகும் பெரியப்பா இறைப்பதை நிறுத்தவில்லை. என்னைப் பெற்ற ஐயா காய்ச்சலில் கிடந்தார். மிளகாய்க் கன்றுகள் வாடித் தலை சாய்ந்திருந்தன. யாரோடும் பேசாத நான் வாய்க்காலுக்குள் இறங்கி நின்றேன்.

"பெரியப்பா, உங்கட முறை முடிஞ்சுது."

"அட, இந்த ஊமைக்கும் வாய் இருக்கே!" என்று சிரித்தபடி தண்ணீரை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். சூடான மண் குடித்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

இன்று லண்டனிலும் தடியின் நிழல் என் குறியைத் தாண்டிவிட்டது. எனக்கு முந்திய துண்டின் வெள்ளைக்காரர் ரப்பர்க் குழாயை விடவில்லை. கடைசித் துண்டு என்னுடையது. அருகே போய், "மை டேர்ன்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுக் குழாயைத் தந்தார்.

என் தக்காளிப் பாத்தி நனைந்ததும் அமினா குலவையிட்டாள். நானும் இட்டேன், தெருவுக்கே கேட்கும்படி.