கண்ணாடிப் பெட்டி மேல் நானூற்றுப் பத்து யூரோ

ஸ்டமாத்தியா எதையும் ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டாள். முட்டை வாங்கினால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். பாதிரியார் ஆசீர்வாதம் செய்தால்கூட, இன்றைக்கு ஏன் கூடுதலாக ஒரு சிலுவை போட்டார் என்று யோசிப்பாள். பிறவிக் குணம் என்பார்கள் ஊரில். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். திராசிவுலோஸின் ரொட்டிக் கடையில் இருபத்திரண்டு வருடம் மாவு பிசைந்தவள் அவள். எதிர்ச்சாரியில் சிகரெட்டும் பத்திரிகையும் விற்கும் பெட்டிக்கடை என்னுடையது. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

வேலையாட்களின் ஈஸ்டர் போனஸை வங்கியில்தான் போட வேண்டும் என்பது கிரேக்க நாட்டுச் சட்டம். முதலாளிகளும் போடுவார்கள். மறுநாள் வேலையாட்கள் அதில் பாதியை எடுத்துக்கொண்டு போய், பின்கட்டில் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் முதலாளி கையில் வைப்பார்கள். வைக்காதவருக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது. எங்கள் வேரியா ஊரில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, தெரியாதவரும் இல்லை.

போன நவம்பரில் மணிக்கட்டு விட்டுப்போக, ஸ்டமாத்தியா வேலையை விட்டு நின்றுவிட்டாள். மகள் எவான்தியா மட்டும் அதே கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். வீட்டுக்கு வரும் சம்பளம் அது ஒன்றுதான்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை ஸ்டமாத்தியா கைபேசியோடு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"இதைப் படி. என் கண்ணு சரியா இருக்கான்னு சொல்லு."

ரொட்டிக் கடையிலிருந்து அவள் கணக்குக்கு நானூற்றுப் பத்து யூரோ வந்திருந்தது. ஈஸ்டர் போனஸ் என்று எழுதியிருந்தது.

"நீ நின்னு அஞ்சு மாசமாச்சே."

"அதான் சொல்றேன். அந்தாளு தெரியாம பத்து சென்ட் விட்டு நான் பாத்ததில்ல. என் பேரை வச்சு என்னமோ பண்றான்."

கணக்கு எழுதுபவர் பட்டியலில் அவள் பெயரை அடிக்க மறந்திருப்பார் என்றேன். அவள் என்னையே ஒரு மாதிரி பார்த்தாள். முதலாளி எனக்கு என்ன கொடுத்தான் என்று யோசித்திருப்பாள்.

மத்தியானமே திராசிவுலோஸ் கூப்பிட்டார். என் ஜன்னலில் நின்றபடியே ஒலிபெருக்கியில் போட்டாள், சாட்சிக்காம்.

"தப்பா வந்துடுச்சு ஸ்டமாத்தியா. எடுத்துட்டு வந்து பின்பக்கமா குடுத்துடு."

"எதுக்கு முதலாளி பின்பக்கம்? வங்கியில வந்துச்சு, வங்கியிலயே திருப்பிப் போட்டுடறேன்."

"வங்கி வேண்டாம்" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது அவளுக்கு. "பாத்தியா? கையில வாங்கிக்குவான். நாளைக்கு 'இவ இன்னும் தரல'ன்னு ஊரைக் கூட்டுவான். இன்னொரு தடவை எம்பொண்ணு சம்பளத்துல பிடிப்பான். கையில குடுத்ததுக்கு எங்கிட்ட என்ன அத்தாட்சி இருக்கு?"

சாயங்காலம் சிகரெட் வாங்க வந்த திராசிவுலோஸ் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"உன் சிநேகிதியை யாரு தூண்டி விடறா? தொழிலாளர் ஆபீசா?"

"அவளைத் தூண்டணும்னா அவளே தூண்டிக்கணும்."

"வேலை செஞ்சவ பேர்லேருந்து எங்கணக்குக்குப் போனஸ் திரும்பி வந்தா, பாக்கறவன் என்ன நினைப்பான்? நான் போனஸைத் திரும்ப வாங்கறேன்னு நினைக்க மாட்டானா?"

"வாங்குறீங்கதானே."

அவர் தீப்பெட்டியின் விலையைப் படித்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழமைக்குள்ள பணம் கையில வரணும். இல்லேன்னா பண்டிகைக்கு அப்புறம் பொண்ணு வரவேண்டாம்னு சொல்லிடு" என்று போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடம் வாங்கியது நியாயமில்லாத பணம். இந்த நானூற்றுப் பத்து நியாயமாக அவருக்கே சேர வேண்டிய பணம். வாங்கும் வழி ஒன்றேயாகப் பழகிவிட்டதால், அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"குடுத்துத் தொலைம்மா. என் வேலையில விளையாடாத" என்று எவான்தியா அழுதிருக்கிறாள். ஸ்டமாத்தியா அந்தப் பணத்தைத் தொட நினைக்கவில்லை. பாதியாவது வைத்துக்கொள் என்று நான் சொன்னதற்குக்கூட, "அதுக்குத்தான் அவன் காத்திருக்கான்" என்றாள்.

பெரிய வியாழன் காலை பதினொரு மணி. ஈஸ்டர் பின்னல் ரொட்டிக்கு வரிசை தெருவரை நின்றது. நானும் நின்றேன். ஸ்டமாத்தியா யாரையும் கேட்காமல் முன்னால் போய், கண்ணாடிப் பெட்டி மேல் ஐம்பது ஐம்பதாக எட்டுத் தாளும் ஒரு பத்தும் எண்ணி வைத்தாள்.

"முதலாளி, நான் வேலையை விட்ட பிறகு தப்பா வந்த நானூற்றுப் பத்து. எழுதிக் குடுங்க."

வரிசையில் ஒரு அம்மாள், "இந்த ஊர்ல முதலாளிக்குப் பணம் குடுக்கறதை வெளிச்சத்துல இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். யாரோ சிரித்தார்கள். ரொட்டி சுற்றிக்கொண்டிருந்த எவான்தியாவின் கை நின்றுவிட்டது.

திராசிவுலோஸ் ஒரு ரொட்டி உறையை இழுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று கிறுக்கினார்.

"உறையில வேண்டாம். தாள்ல. எதுக்குன்னும் எழுதணும். முத்திரையும்."

"முத்திரை கணக்கு எழுதறவர்கிட்ட இருக்கு."

"கல்லாவுக்குக் கீழ இருக்கு. ரெண்டாவது இழுப்பறை."

வரிசை மொத்தமும் அந்த இழுப்பறையைப் பார்த்தது. அவர் குனிந்தார். எழுதினார், குத்தினார். அவள் நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்துவிட்டு, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மாலை எவான்தியா தன் போனஸில் பாதியைப் பின்கட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள். "அப்புறம் பாக்கலாம். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வந்துடு" என்று பணத்தை வாங்காமலே திருப்பி அனுப்பினாராம் அவர். மகள் சந்தோஷமாக வந்து சொன்னாள். தாய்க்கு அன்று தூக்கம் போனது. உயிர்த்தெழுதல் பூசையிலும் அவள் கண் திராசிவுலோஸின் முதுகிலேயே இருந்தது.

பண்டிகை முடிந்த செவ்வாய், ஆறுக்கு முன்பே ஸ்டமாத்தியா என் கடையோரம் வந்து நின்றாள். எதிரே இரும்புக் கதவு உயர்ந்தது. எவான்தியா உள்ளே போனாள், ஏப்ரன் கட்டினாள், முதல் ரொட்டியை விற்றாள். மணி எட்டாயிற்று.

"பாத்தாச்சுல்ல? வீட்டுக்குப் போ" என்றேன்.

"இன்னைக்கு வரச் சொல்லியிருக்கான். மாசக் கடைசியில சம்பளம்னு ஒண்ணு இருக்கே" என்றாள். பிறகு, "அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்படிப் போடு."