பேச்சு இருக்கிற இடம்

போன வருஷம் மழைக்காலத்தில், கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எங்களுக்குக் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம்தான் ஊர். என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நான் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், பிள்ளை பார்க்கிறவள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. கீழே விழுந்து கைகால் உதறுகிற வலிப்பு இல்லை. முதலில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வாசனை வரும், புகையே இல்லாத இடத்திலும் வரும். அப்புறம் சுற்றி நடப்பதெல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்ததுபோல இருக்கும். எதிரில் நிற்கிற பிள்ளையை நன்றாகத் தெரியும், பெயர் மட்டும் வராது. உண்மையைச் சொன்னால், அந்த ஆரம்பம் சுகமாகக்கூட இருக்கும். ஒருநாள் அப்படி நான் மிதந்துகொண்டிருந்தபோது கையிலிருந்த குழந்தை நழுவிவிட்டது. நல்ல காலம், கீழே மெத்தை விரித்துக் கிடந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. மாத்திரையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று, இனி ஆபரேஷன்தான் என்றார்கள்.

வலிப்பு கிளம்புகிற இடம் தலையின் இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறதாம். வெட்டும்போது பேச்சில் கைபட்டுவிடக் கூடாதே! அதனால் மண்டையைத் திறக்காமல், ஊசிகூடக் குத்தாமல், என் பேச்சு எங்கே இருக்கிறது என்று முதலில் ஸ்கேனில் பார்ப்பார்களாம். மிஷினுக்குள் அசையாமல் படுத்து, வாய் திறக்காமல், சொல்கிற சாமான்களின் பெயர்களை மனதுக்குள் நினைக்க வேண்டும். அப்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ, அது படத்தில் தெரியும்.

"சிங்களத்தில் செய்யலாம்தானே?" என்று டாக்டர் மிஸ் சிங்களத்தில் கேட்டார். "ஓவ் மிஸ்" என்று தலையாட்டினேன். யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கடை, பஸ், ஆஸ்பத்திரி என்று நாங்கள் குடியிருக்கிற லயத்தைத் தாண்டினால் வாய் தானாகச் சிங்களத்துக்கு மாறிவிடும். யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது என்று ஒரு பழக்கம்.

தாலியையும் தோட்டையும் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே படுத்தேன். காதில் ஹெட்போன். கையில் ஒரு ரப்பர் பந்து, ஏதாவது ஆனால் அமுக்கச் சொல்லி. அதுவும் நம்ம ஊர்ச் சாமான்தான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மிஷின் தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரி சத்தம் போட்டது. சமையலறைச் சாமான்களை நினைக்கச் சொல்லிச் சிங்களத்தில் ஒரு குரல் வந்தது.

முதலில் சிங்களத்தில்தான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் தாலாட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. என் சமையலறைக் கதவு திறந்தது. அடுப்பு, அகப்பை, அம்மி, சுளகு என்று ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அங்கிருந்து எப்படியோ பிள்ளை மடுவத்துக்குப் போய்விட்டேன். சேலைத் தொட்டில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. நான் உள்ளுக்குள்ளே ஆராரோ பாடிக்கொண்டிருந்தேன்.

ஐயையோ, சிங்களத்தில் அல்லவா நினைக்க வேண்டும்!

அப்போதுதான் திக்கென்றது. இவர்கள் என் பேச்சைத் தேடுகிறார்கள். நானோ ஒரு பேச்சைக் காட்டிவிட்டு இன்னொன்றை ஒளித்து வைக்கிறேன். ஒளித்து வைத்த இடத்தில் கத்தி பட்டால்? அழுகிற பிள்ளையை எந்த வார்த்தை சொல்லித் தூங்க வைப்பேன்? பந்தை அமுக்கிவிட்டேன்.

வலிப்பு வந்துவிட்டதென்று எல்லோரும் ஓடிவந்தார்கள். "வலிப்பு இல்ல மிஸ், நான் தமிழ்ல நெனச்சிட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் மிஸ் சிரிக்கவில்லை.

"கனவு எந்த மொழியில வரும் நங்கி?" என்று தங்கச்சியைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தமிழ்லதான் மிஸ்."

"அப்ப ரெண்டையும் பார்க்கணும். நான்தான் சரியா கேட்டிருக்கணும்" என்றார்.

அன்றைக்கு அங்கே தமிழ் பேச ஆளில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மைக்கின் முன்னால் உட்கார வைத்தார்கள். திரும்ப உள்ளே போனேன். மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது, விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களைக் கங்காணி பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி விறைப்பாக.

"சமையல்கட்டு சாமானெல்லாம் நெனச்சுப் பாருங்க. இப்ப நிப்பாட்டுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை "ஏய் புள்ள" என்று கூப்பிடுகிற மனுஷன்! டாக்டர்மார் பக்கத்தில் இருப்பதால் எனக்கு மரியாதை. சிரிக்கவும் முடியாது, அசையக் கூடாதே. கண்ணோரம் தண்ணீர் மட்டும் வழிந்து காதுக்குள் போனது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் நிம்மதியாகச் சுற்றினேன்.

பிறகு டாக்டர் மிஸ் படத்தைக் காட்டினார். இரண்டு மொழிக்கும் பெரும்பாலும் ஒரே இடம்தான். ஆனால் தமிழுக்கு மட்டும் ஒரு சின்னத் துண்டு தள்ளி இருந்தது, அவர்கள் வெட்ட நினைத்த இடத்தின் ஓரத்தில். "இத விட்டுட்டுச் சுத்திப் போவோம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆபரேஷன் முடிந்து நான் கண் திறந்தபோது என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டாக்டர் மிஸ்.

"என்னையத் தெரியுதுங்களா?"

வார்த்தைகள் மூடுபனிக்குள்ளிருந்து நடந்து வருகிற மாதிரி மெதுவாக வந்தன. ஆனால் வந்துவிட்டன.

"என்னாங்க... புது மருவாதையெல்லாம்?"

மனுஷன் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் புகை வாசனையும் அதற்குப் பிறகு இதுவரை வரவில்லை.

இப்போதும் கடையிலும் பஸ்ஸிலும் சந்தோஷமாகச் சிங்களம்தான் பேசுகிறேன், ஆனால் எந்த மொழியில் பேசலாம் என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு எது வசதி என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, அந்தத் தொட்டில்கள் ஆடுகிற இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.