கற்குவியலைக் கலைத்த இஷ்பெல்

ஒரு மழைநாளில், லீட்ஸிலிருந்து நடைப்பயணம் வந்த பெண் ஒருத்தி என் விடுதி அடுப்பருகே கால் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் சூப் வாங்கத் திரும்பியபோது, இஷ்பெல் தன் காய்ந்த கம்பளிக் காலுறையை அவளுடைய பூட்ஸுக்குள் திணித்தாள். அந்தப் பெண்ணின் ஈரக் காலுறையைத் தன் காலில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வைத்தது யார் என்று அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியாது.

நடக்க வருகிறவர்களைச் சவப்பெட்டிப் பாதையில் கூட்டிப்போவதுதான் இஷ்பெலின் வேலை. அந்தக் காலத்தில் பண்ணைக்காரர்கள் ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று எங்கள் ஆட்களைக் கப்பலேற்றி விரட்டினார்கள். மிஞ்சியவர்கள் தங்களில் இறந்தவர்களை மட்டும், கணவாயைத் தாண்டி, கடலோரத்துப் பழைய கல்லறைக்கே தோளில் சுமந்து போனார்கள். மூச்சு வாங்கப் பெட்டியை இறக்கிய இடத்தில், தூக்கியவர்கள் ஆளுக்கொரு கல் வைப்பார்கள்.

இஷ்பெலுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தேவாலயத்திலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

"பெஞ்சே ஆடுது, இஷ்பெல்" என்பேன்.

"கர்த்தர் ஆடாம இருக்காரே, பெகி. அது போதும்."

வருகிறவர்கள் வழியெல்லாம் போட்டோவுக்காகக் கல் அடுக்குவது அவளுக்கு ஆகாது. மூடுபனியில் வருகிறவன் அதை வழி என்று நம்பிச் சதுப்பில் இறங்கிவிடுவான். கண்டால் காலால் எட்டித் தள்ளுவாள்.

ஒரு வசந்தத்தில் அப்படி ஒன்றைத் தள்ளியதை, டோர்க்கில் என்ற எங்கள் ஊர்க் கிழவரிடம் பெருமையாகச் சொன்னாள். நானும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தட்டைப் பாறைக்குப் பக்கத்துலயா?"

"ஆமா."

"மேல இருந்தது அவங்க வெச்சது. அடியில இருந்தது எங்கப்பாவை இறக்கினப்ப வெச்சது. என் கல்லும் அதுல இருந்துச்சு."

இஷ்பெல் எழுந்துவிட்டாள். "நாளைக்கே திரும்ப அடுக்கிடறேன், பெரியவரே."

"நீ தூக்கலையே கண்ணு. தூக்காதவ அடுக்கினா அதுவும் போட்டோக் கல்லுதான்." பிறகு சிரித்தார். "என்னைத் தூக்கறப்ப வை. நான் அந்த வழியாத்தான் போவேன்."

அதற்குப் பிறகு அவள் தினமும் அவருக்குப் பார்லி சூப் கொண்டுபோனாள்.

"என்ன, பெட்டிக்கு அளவெடுக்க வந்தியா?" என்பார்.

"வாயை மூடிக்கிட்டுக் குடிங்க."

"வாயை மூடிக்கிட்டு எப்படிக் குடிக்கிறது? நீ இப்படி ஊட்டி ஊட்டி வளர்த்தா நான் எப்ப சாகறது? உன் கல்லு என்னாகறது?"

அவர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் காலை, என் சமையலறையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே சொன்னாள்.

"எந்திரிச்சதும் அவர் வீட்டுப் புகைபோக்கியைத்தான் பாக்கறேன், பெகி. புகை வந்தா சந்தோஷமா இருக்கு. அதுக்குள்ளயே ஒரு சின்ன ஏமாத்தம். நான் என்ன மனுஷி?"

"ஜெபம் பண்ணு."

"என்னன்னு பண்ண? எதைக் கேட்டாலும் பாவமா இருக்கே."

அன்றிரவு அவளுக்காக நான் ஜெபித்தபோதும் வார்த்தை தடுக்கியது.

குளிர் தொடங்கும் முன் டோர்க்கிலின் மகள் வந்து அவரைக் கிளாஸ்கோவுக்குக் கூட்டிப்போனாள். இனி அடக்கமும் அங்கேதான் என்று ஊருக்கே தெரிந்தது. இஷ்பெல் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சேன்னாவது சொல்லிட்டுப் போங்க."

"என் கல்லை மன்னிச்சுட்டேன். மத்த கல்லெல்லாம் வெச்சவங்களோடது, கண்ணு. நான் எப்படிச் சொல்ல?"

அந்த வாரமே அவள் வழிகாட்டும் வேலையை விட்டுவிட்டாள். தையல் பிரிந்த பையோடு பேருந்துக்கு நின்றவளிடம், மனசு கேட்காமல் சொன்னேன்.

"ஒரு நடை மேல போய் அடுக்கிட்டுப் போயேன். யாரு பாக்கப் போறாங்க?"

பேருந்து வந்தது. படியில் ஒரு காலை வைத்தபடி இஷ்பெல் சொன்னாள்.

"நேத்தே போனேன், பெகி. கையில எடுத்தேன். எது தூக்கினவங்க கல்லு, எது போட்டோக்காரங்க கல்லுன்னு தெரியல. எல்லாம் ஒரே கனமா இருந்துச்சு. அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். கிளாஸ்கோவுல அவரைத் தூக்க ஆள் வேணும்ல? நான் போறேன்."